லெக் டே முடிந்த மறுநாள் மலை வேண்டாம்: சென்னையில் நாயோடு நடக்கத் தொடங்குவோருக்கு

வாரம் 4 நாள் ஜிம்முக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் விடுபடுவது ஒன்றுதான்: மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் நடப்பது. ட்ரெட்மில்லில் அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. கூட நாய் இருந்தால் பொறுமை தானாக வந்துவிடும். வேகத்தைத் தீர்மானிப்பது அதுதானே.

மாநகராட்சி உரிமம், வெறிநாய்த் தடுப்பூசி, உண்ணி மருந்து மூன்றும் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டே தொடங்குவோம். பெரிய இன நாய்க்கு ஒன்றரை வயது ஆகவில்லை என்றால் படிக்கட்டும் செங்குத்து இறக்கமும் வேண்டாம். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் மலையை மறந்துவிடுங்கள். விடிகாலையில் கடற்கரையில் 20 நிமிடம் நடந்தால் அதற்குப் போதும்.

படி 1: கிழமை

மலையில் தொடையைப் பதம் பார்ப்பது ஏற்றம் இல்லை, இறக்கம்தான். லெக் டே, அதாவது ஜிம்மில் காலுக்கான பயிற்சி நாளில், ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்ட வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். அந்தத் தொடையோடு, முன்னால் இழுக்கிற நாயையும் பிடித்துக்கொண்டு இறங்கினால் கணுக்கால் பிசகும். ஞாயிறு மலை என்றால் லெக் டே வியாழனுக்குப் பின்னால் போகக்கூடாது. புதன் அன்று மணலில் அரை மணி நேரம் லேசாக நடக்கலாம். எடை ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறும் ஆசை வேண்டாம். 2 லிட்டர் தண்ணீர், கிண்ணம், டவல் என்று பையே 3 கிலோ தொட்டுவிடும்.

படி 2: இடம்

முதல் 4 வாரம் கடற்கரை மட்டும். எலியட்ஸில் வாக்கிங் கூட்டம் அதிகம். திருவான்மியூரில் இறங்கித் தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம் பக்கம் நடப்பது மேல். முதல் 2 வாரம் ஒவ்வொரு நடையும் போக வர மொத்தம் 2 கிலோமீட்டர், பிறகு 4. அலை நனைத்த ஈர மணலில் நடங்கள். காய்ந்த உதிரி மணலில் அதே வேகத்துக்கு, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். 5 நிமிடம் நடந்தாலே கெண்டைக்கால் சொல்லிவிடும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகத்தான் விழும். அதனால் போன வழியிலேயே திரும்புங்கள், இரண்டு இடுப்புக்கும் கணக்கு சமமாகிவிடும். வலையிலிருந்து உதறிப் போட்ட கெளுத்தி முள், தூண்டில் கொக்கி, உப்பிக் கிடக்கும் பேத்தை மீன் மூன்றும் நாய் வாய்க்கு எட்டக்கூடாது. பேத்தை மீனின் விஷம் உயிரையே எடுத்துவிடும்.

ஐந்தாவது வாரம் பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடிதான். ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும், இரண்டு சுற்று அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். உச்சியில் இருப்பது வழிபாட்டு இடம், ஆகவே வளாகத்துக்கு வெளியிலேயே திரும்பிவிடுங்கள். பல்லாவரம் பக்கக் குன்றுகளில் கல்குவாரிக் குட்டைகள் இருக்கின்றன. தண்ணீர் பச்சையாக, அழகாகத்தான் தெரியும், ஆனால் ஓரமே செங்குத்து. விழுந்த நாயால் ஏறி வர முடியாது. அங்கே வாரை அவிழ்க்கவே கூடாது. இந்தக் குன்றுகளின் கல் சார்னோக்கைட், கருமையான பாறை. வெயில் பட்டதும் சீக்கிரம் சுடும்.

நன்மங்கலம், நாகலாபுரம் என்று காப்புக்காடுகளைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நாயோடு போகாதீர்கள். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நரிக்கும் தொற்றும். கிண்டி தேசியப் பூங்கா, வண்டலூர் உயிரியல் பூங்கா பற்றிக் கேட்கவே வேண்டாம்.

படி 3: வார்

மார்பில் Y வடிவில் உட்காரும் ஹார்னஸ், 5 அடி பட்டை வார். ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டன் அமுக்கினால் நீளும் வார் சென்னைக்கு லாயக்கில்லை. தெருநாய் பாயும் நொடியில் அந்த மெல்லிய கயிறு உங்கள் காலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும், பிடித்து இழுத்தால் உள்ளங்கை கிழியும். வாரை இடுப்பு பெல்ட்டில் மாட்டி நடப்பவர் என்றால், இறக்கத்தில் அதைக் கழற்றிக் கையில் பிடியுங்கள்.

படி 4: முனைத் தெரு

மலையை விட, வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அடிவாரம் வரைக்குமான 200 மீட்டர்தான் பெரும்பாலோருக்குச் சிக்கல். விடிகாலை 5 மணிக்குத் தெரு முழுக்க அந்தப் பகுதி நாய்களின் ராஜ்ஜியம். ஒன்று குரைத்தால் நாலு எழுந்து வரும். வழக்கமாக நடக்கும் தவறு, பயந்து வாரை மேல்நோக்கி இறுக்குவது. கழுத்து நிமிர்ந்து, முன்கால் லேசாகத் தூக்கினாற்போல் நிற்கும் உங்கள் நாய் எதிரில் இருப்பதற்குச் சண்டைக்கு வருவது போலத்தான் தெரியும்.

வாரைக் குட்டையாகப் பிடியுங்கள், ஆனால் கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். தெருநாய்க்கும் உங்கள் நாய்க்கும் நடுவில் நீங்கள் வாருங்கள். நேராக எதிரே போகாமல் வில் மாதிரி வளைந்து கடந்து போங்கள். கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது, ஓடவே கூடாது. கல் எடுப்பது போலக் குனிந்தால் ஒதுங்குகிற நாய்களும் உண்டு, இன்னும் மூர்க்கமாகிறவையும் உண்டு. அந்தச் சூதாட்டம் எதற்கு? கூட்டமாக வந்துவிட்டால் எதிர்ப்பக்கமாகத் தள்ளி ஒரு கைப்பிடி பிஸ்கட்டை இறைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். உங்கள் நாயைத் தூக்கிக்கொள்ளாதீர்கள், பாய்ச்சல் உங்கள் மேல் விழும்.

படி 5: நாக்கைப் பாருங்கள்

நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தில் அந்த வழியே பாதி அடைபட்டுவிடும். ஆகவே 30 டிகிரி கூட ஆகவில்லையே என்று தெர்மாமீட்டரை நம்பவேண்டாம். 5:30க்குத் தொடங்கி 7 மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

வாய் பாதி திறந்து, நாக்கு நுனி மட்டும் ஆடினால் சரியான வேகம். அந்த வேகம்தான் உங்களுக்கும் பேசிக்கொண்டே நடக்கும் கார்டியோ. நாக்கின் நுனி கரண்டி போல அகன்று மடங்கினால் நிழலில் 10 நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள். ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாகி, பின்கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). சாதாரணத் தண்ணீரை வயிறு, அக்குள், தொடையிடுக்கில் தொடர்ந்து ஊற்றி விசிறுங்கள். ஈர டவலைப் போர்த்தி விடாதீர்கள், உள்ளே சூடு அடைபடும். உடல் குளிரத் தொடங்கியதும் டாக்டரிடம் ஓடுங்கள்.

கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து நாய்க்குச் சாப்பாடு கிடையாது. ராஜபாளையம், டாபர்மேன் போல ஆழமான மார்பு உள்ளவற்றுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

விரல் இடுக்கு, காது உள்மடல், அக்குள், ஹார்னஸ் உரசிய இடம் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். சீமைக் கருவேல முள் பாதத்தில் முறிந்து நின்றால் முதல் நாள் தெரியாது, மறுநாள்தான் நொண்டும். பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பிட மறுப்பது, மூக்கில் ரத்தம் என்று ஏதாவது வந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பின்னால் சேர்த்தவை: கடலில் விளையாடிவிட்டு அதே காலையில் பாறைக்குக் கூட்டிப்போனால் ஊறிய பாதம் உரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஏதாவது ஒன்றுதான். கடல் தண்ணீரைக் குடிக்க விட்டால் வண்டியிலேயே பேதி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை சித்தாமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிடக் கரையேறும் காலம். அந்த மாதங்களில் 5:30 என்று பார்க்காமல், விடிந்த பிறகே நாயை மணலுக்குக் கொண்டுபோங்கள், அப்போதும் வார் கையை விட்டுப் போகக்கூடாது. கடலிலிருந்து மேலேறி டிராக்டர் டயர் ஓடியது போல ஒரு தடம் தெரிந்தால், அது முடிகிற இடத்தில் மணல் கிளறிக் கிடக்கும். நாய் மூக்கை வைக்கும் முன்பே திரும்பிவிடுங்கள்.