மாமரத்தடியில் செடி வைக்கும்போது செய்யக் கூடாதவை

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டைத் தாண்டிப் போனால் ஒரு மாமரமோ வேம்போ நிற்கும். அதன் அடியில் தரை சும்மா கிடப்பதைப் பார்த்தால் நாலு செடி வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மேலே வெறுமையாகத் தெரியும் அந்த இடத்தில் மரம் ஏற்கெனவே குடியிருக்கிறது. தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில்தான் பரவிக் கிடக்கும். கொஞ்சம் தோண்டினாலே செம்புராங்கல் தட்டுகிற நம் மண்ணில் வேர் ஆழமாக இறங்கவும் வழி குறைவு.

அதனால் கடப்பாரையை எடுத்து வரிசையாகக் குழி போடுவதுதான் முதல் தவறு. விரல் பருமன் வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். சின்ன நாற்றாகவோ கிழங்காகவோ வைத்தால் கைக்கொத்தே போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு தண்ணீரில் நடக்கிறது. மா நன்றாகப் பூக்க, பூப்பதற்கு முன் ஓரிரு மாதம் வேர்ப்பகுதி காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பனியில் ஈரம் வடிந்த பிறகு தையில் பூ எடுக்கும். அந்த நேரம் பார்த்து, அடியில் இருக்கும் செடிக்காக நாம் தினமும் குழாயைத் திறந்தால் மரம் பூப்பதை விட்டுக் கொழுந்து விட ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. மரத்தடியில் சேம்பும் கனகாம்பரமும் வைத்து மார்கழி முழுக்கத் தண்ணீர் விட்டேன். தை பிறந்தபோது தெருவில் மற்ற மாமரமெல்லாம் பூத்து மணந்தது. எங்கள் மரத்தில் செந்தளிர் மட்டும். அப்பத்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, "மார்கழியில மாவுக்கு வாயைக் கட்டணும்யா" என்றார். அந்த வருடம் ஊறுகாய்க்குக்கூடக் காய் இல்லை.

மாவுக்கு அடியில், மரம் காய வேண்டிய காலத்தில் தானும் காயத் தயாராக இருக்கும் செடிதான் பொருந்தும். மஞ்சள் எனக்குப் பிடித்த துணை. வைகாசி, ஆனியில் ஊன்றினால் மழைக்காலம் முழுக்கத் தழைத்து நிற்கும். மார்கழியில் தண்ணீரை நிறுத்தினால் கிழங்கு கொஞ்சம் சிறுத்துப் போகலாம், போகட்டும். பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்து கொல்லையிலேயே கிடைக்கும். சேனைக்கிழங்கும் எட்டு ஒன்பது மாதத்தில் தானே தண்டு சாய்ந்து அடங்கிவிடும். மருள் (பாம்புக் கற்றாழை வகை), கற்பூரவள்ளி இரண்டும் கொஞ்ச ஈரத்தில் ஓட்டிவிடும். கனகாம்பரம் வேண்டுமென்றால் கிளைப்பரப்புக்கு வெளியே வையுங்கள்.

அப்புறம் நிழல். எல்லா நிழலும் ஒன்றில்லை. முருங்கை நிழலில் கீரைகூட வரும். வேம்பு வெயிலைச் சல்லடை போட்டு இறக்கும். மா அடர்த்தி. மல்லிகையையும் ரோஜாவையும் மா நிழலில் வைத்தால் கொடியும் இலையும் நீளுமே தவிரப் பூ வராது. நம் ஊர் 10 டிகிரி வடக்கே இருப்பதால் சித்திரையில் சூரியன் உச்சியில் நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்து போகும், நிழல் வடக்கே நீளும். ஆகவே மரத்தின் தெற்கு ஓரமும் வடக்கு ஓரமும் வேறு வேறு இடங்கள். காலை ஒன்பது, மதியம், மூன்று மணி என்று ஒரு நாள் நின்று பாருங்கள். கொடைக்கானலில் பார்த்த பெரணியை இங்கே கொண்டு வராதீர்கள். நிழல் கிடைத்தாலும் பங்குனி வெக்கையில் அது கருகிவிடும்.

அழகுக்காக அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து மேடை கட்டுகிறார்கள். பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும். சிமென்ட் திண்டு போட்டால் வேருக்குக் காற்றும் நீரும் அடைபடும். அடிமரத்தைச் சுற்றி இரண்டடி வெறுமையாக இருக்கட்டும். வாசலைக் கூட்டிப் பெருக்குவது போல மரத்தடியையும் பளிச்சென்று பெருக்கிச் சருகைக் கொளுத்தவும் வேண்டாம். கோடையில் அந்தச் சருகுதான் மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரையான் ஏறாமல் இருக்க அடிமரத்தில் ஒட்டாமல் தள்ளிப் பரப்பினால் போதும்.

புளியமரத்தடி வேறு கதை. நிழலும் கனம், அதன் சருகும் மற்றச் செடிகள் முளைப்பதைத் தடுக்கும். அங்கே தரையில் எதையும் ஊன்றாமல் தொட்டியில் வைப்பதுதான் சரி.

கடைசியாக, நர்சரியில் கண்ணைப் பறிக்கும் பெரிய செடியை வாங்காதீர்கள். அதன் மண்கட்டிக்குப் பெரிய குழி வேண்டும், குழிக்கு மரத்தின் வேரை வெட்ட வேண்டும். கையளவுப் பையில் இருக்கும் கன்றைப் புரட்டாசிக் கடைசியில் வையுங்கள். ஐப்பசி மழையே அதை வேர் பிடிக்க வைத்துவிடும்.