நடுகல்லைப் பார்த்து மனப்பதிவு எழுதுவது எப்படி?

சண்டையிலோ வேறு வீரச் செயலிலோ இறந்தவனின் நினைவாக நட்ட கல்தான் நடுகல். அதைப் பார்க்கத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ (தொல்லியல் அருங்காட்சியகம்) கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ போய்வந்து எழுதுபவர்கள் பலர் "வீரனின் முகத்தில் வீரம் தெரிகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். பல நூற்றாண்டு மழையிலும் வெயிலிலும் நின்ற கல்லில் முகம்தான் முதலில் மழுங்கும். அந்த வரி கல்லைப் பார்த்து வந்ததல்ல.

ஒரு தடவைக்கு மூன்று கல் போதும், கல்லுக்கு 20 நிமிடம். கோடு போடாத நோட்டு, பென்சில், சின்ன டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சுக்கும் படம் எடுக்கவும் உள்ளே நுழையும்போதே அனுமதி கேட்டுவிடுங்கள்.

முதல் 5 நிமிடம் விளக்கப் பலகையைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அதில் இருப்பதை மட்டுமே கண் தேடும். அதற்குப் பதில் கல்லை உள்ளங்கை அளவில் வரையுங்கள். படம் அழகாக வரவேண்டியதில்லை. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, வில் எந்தக் கையில், குறுவாள் எந்தக் கையில் என்பதெல்லாம் வரையும்போதுதான் பிடிபடும்.

அடுத்தது வெளிச்சம். பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தச் சிற்பங்களின் புடைப்பு குறைவு. நேர் எதிரிலிருந்து ஒளி விழுந்தால் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். செல்போன் ஃபிளாஷும் அதைத்தான் செய்யும். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். உடலில் தைத்த அம்பு, இடுப்புக் கச்சை, காலடியில் கெண்டி (மூக்கு வைத்த சிறு நீர்க்கலம்) எல்லாம் மேலெழும்பும். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸோ மாவோ எண்ணெயோ தடவவே கூடாது. கல் கெடும், இல்லாத கோட்டையும் எழுத்தாகக் காட்டும்.

பிறகு அடையாளங்கள். பக்கத்தில் மாடுகள் இருந்தால் தொறுப்பூசல், அதாவது ஆநிரைச் சண்டை. மாடு சிறிதாகவும் வீரன் பெரிதாகவும் இருப்பதைக் கைத்திறன் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். யாருக்காக நட்ட கல் என்பதை அந்த அளவே சொல்கிறது. புலி பாய்ந்தால் புலிக்குத்திக் கல், அதாவது புலியோடு போராடி இறந்தவனுக்கு நட்டது. தன் கழுத்திலேயே வாளை வைத்திருந்தால் நவகண்டம், அதாவது தன்னைத்தானே பலி கொடுத்தல். சிற்பம் அடுக்கடுக்காக இருந்தால் கீழிருந்து மேலே பாருங்கள்: சண்டை, அவனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், மேலுலகம்.

பழைய கற்களில் எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்தாக, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவமாக இருக்கும். 'பட்டான்' என்றால் இறந்தான். இப்போது பலகையைப் படித்து ஒப்பிடலாம்.

எழுத உட்காரும்போது பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் தோன்றியது. இடப்பக்கத்தில் ஆதாரம் இல்லாத வரியை வலப்பக்கத்திலிருந்து அடித்துவிடுங்கள். உதாரணம்: "மார்பில் அம்புகள். வில் பிடித்த கை தாழவில்லை." இதற்கு எதிரே, "செதுக்கியவர் இவன் விழுந்த கணத்தைக் காட்ட விரும்பவில்லை போலும்."

இரண்டு மாவட்டத்திலும் வயலோரக் கற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வமாக வழிபாட்டில் உள்ளன. அங்கே செருப்பைக் கழற்றுங்கள், ஊராரைக் கேட்டுவிட்டே டார்ச்சை எடுங்கள். மஞ்சளும் குங்குமமும் பூசிய கல் என்றால் அந்தப் பூச்சையும் இடப்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.