ஏறுவதற்கு முன் கயிறு பிடிக்கப் பழகுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் பழைய சாலையில், இஞ்சாங்காவை ஒட்டி மாண்டிசீல் என்ற பாறைமுகம் இருக்கிறது. அதன் விளிம்பில் நின்றால் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டியவரை விரியும். நானும் தம்பியும் பாறை ஏறப் பழகியது அங்கேதான். இப்போது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள், "அக்கா, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று வருகிறார்கள். அவர்களை நான் முதலில் பாறையில் ஏற்றுவதில்லை. ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்காகக் கீழே நின்று கயிறு பிடிக்க வைக்கிறேன். இதற்குத்தான் பிலே என்று பெயர். அவர்களுக்குச் சொல்வதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. எங்கே, எப்போது

முதல் சில வாரங்கள் உள்ளரங்கச் சுவரே போதும். மேலே கயிறு ஏற்கெனவே மாட்டியிருக்கும், பயிற்சியாளரும் பக்கத்தில் இருப்பார். மாண்டிசீல் அப்படி இல்லை. பாறையில் கயிற்றை எங்கே, எதில் கட்டுவது என்று தெரிந்த அனுபவசாலி ஒருவர் கூடவே வர வேண்டும். 1891இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மலையேற்றக் கழகத்துக்கு டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்திலும் கிளை இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள்.

காவடி எடுக்கும் தைப்பூச மாதங்களில் டர்பனில் புழுக்கமும் மழையுமாக இருக்கும், ஈரப்பாறை வழுக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வறண்ட குளிர்காலம், அதுதான் நல்ல பருவம். இந்த நாட்டில் ஏறும் தடங்களின் கடினத்தை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூடக் கடினம். 12, 13 என்று இருப்பதில் தொடங்கலாம்.

2. சாமான்கள்

முதல் நாளே எதையும் வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ், காராபினர் என்ற, திருகுப் பூட்டு உள்ள உலோகக் கொக்கி வளையம், கயிற்றை நிறுத்த உதவும் பிலே கருவி, ஹெல்மெட், ஷூ, இவ்வளவுதான். ஷூ விரல் நுனியைத் தொட வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. கயிறு மட்டும் கண்டிப்பாக டைனமிக் கயிறாக இருக்க வேண்டும். விழும்போது அது சற்று நீண்டு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பாரம் கட்டும் கயிறு, கடையில் கிடைக்கும் நைலான் கயிறு எதுவும் ஆகாது.

3. எட்டு முடிச்சு

ஏறுபவர் கயிற்றின் நுனியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஒரு எட்டு போட வேண்டும். பிறகு நுனியை ஹார்னஸின் முன்பக்கம் மேலும் கீழும் இருக்கும் இரண்டு கண்ணிகள் வழியாகவும் விட்டு, வந்த வழியே எட்டைத் திரும்பப் பின்தொடர வேண்டும். முடித்துப் பார்த்தால் கயிறு எங்கும் இரண்டிரண்டாக, ஒன்றோடு ஒன்று பின்னாமல் படுத்திருக்கும். நுனியில் குறைந்தது 10 செ.மீ. மிச்சம் விடுங்கள்.

முடிச்சு போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. உலகின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில், 1989இல் பிரான்சின் பூ (Buoux) என்ற இடத்தில் முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் 70 அடிக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். அவருக்கே நடந்தது நமக்கு நடக்காதா?

4. பிடிகை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கயிறு ஏறுபவரிடமிருந்து மேலே போய், உச்சியில் உள்ள வளையத்தில் திரும்பி, கீழே நிற்கும் உங்களிடம் வருகிறது. கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏடிசி போன்ற குழாய்க் கருவியில் கயிற்றை மடித்து நுழைத்து, அந்த மடிப்பையும் கருவியின் கம்பியையும் காராபினரில் கோத்து, ஹார்னஸின் பிலே வளையத்தில் மாட்டிப் பூட்டுங்கள். இப்போது கருவியிலிருந்து இரண்டு கயிறுகள் வரும். ஒன்று மேலே ஏறுபவருக்குப் போகிறது. மற்றொன்று உங்கள் வலது கையில் இருக்கிறது. அந்த வலது கைதான் பிடிகை.

பிடிகை இடுப்புக்குக் கீழே இருந்தால் கயிறு கருவியின் விளிம்பில் கூர்மையாக மடங்கும். அந்த உராய்வுதான் ஆளை நிறுத்துகிறது, உங்கள் கைபலம் அல்ல. பிடிகையை மேலே தூக்கி இரண்டு கயிறுகளையும் ஒரே திசையில் வைத்தால் மடிப்பு போய்விடும், கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும். கருவி மாட்டியிருந்தும் ஆட்கள் விழுவதற்கு இது ஒரு காரணம்.

ஏறுபவர் மேலே போகப் போகத் தளர்வை இழுக்க வேண்டும். அதற்கு நான்கு அசைவுகள்:

இழு: இடது கை மேல்கயிற்றைக் கீழே இழுக்க, அதே நேரம் பிடிகை கருவி வழியாக வரும் கயிற்றை வெளியே இழுக்கும்.

தாழ்த்து: உடனே பிடிகையை இடுப்புக்குக் கீழே கொண்டு வாருங்கள்.

மாற்றிப் பிடி: இடது கை வந்து, பிடிகைக்குக் கீழே கயிற்றைப் பற்றட்டும்.

நகர்த்து: பிடிகையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல், விரல் வளையத்துக்குள்ளேயே கருவியை நோக்கி மேலே சறுக்குங்கள். பிறகு இடது கை மேல்கயிற்றுக்குத் திரும்பலாம்.

கிணற்றில் நீர் இறைக்கும்போது ஒரு கையை விட்டு மறு கையால் எட்டிப் பிடிப்போம். அந்தப் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. பிடிகை கயிற்றை விட்டு ஒரு நொடிகூடப் பிரியக் கூடாது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி.

நாங்கள் இதை வீட்டு முற்றத்தில் பழகினோம். தம்பி கயிற்றைக் கட்டிக்கொண்டு எதிரே நின்று, என்னை நோக்கி மெல்ல நடந்து வருவான். அவன் ஓரடி வைத்தால் நான் ஒரு முறை இழுக்க வேண்டும். திடீரென்று பின்னால் சாய்வான், நான் நிறுத்த வேண்டும். சுவரில் முதன்முதலாகப் பிடிக்கும்போது, மூன்றாவது ஆள் ஒருவர் உங்களுக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

1991இல் வந்த கிரிகிரி என்ற பிலே கருவி, திடீரென்று இழுபட்டால் கயிற்றைத் தானே கவ்வும். நல்ல கருவிதான். ஆனால் அதிலும் பிடிகையை எடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால், குழாய்க் கருவியில் கை பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது.

எடையும் கவனிக்க வேண்டியது. நான் 52 கிலோ, தம்பி 80. ஒருநாள் அவன் கை நழுவியபோது நான் தரையிலிருந்து எழும்பிப் போய்ச் சுவரில் தோளை இடித்துக்கொண்டேன். கயிற்றை மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து சுவருக்குப் பக்கத்தில், ஒரு காலை முன்னால் வைத்துத்தான் நிற்கிறேன். கனமானவர் ஏறினால், கீழே இருப்பவரைத் தரையோடு கட்டி வைக்கச் சொல்லிப் பயிற்சியாளரைக் கேளுங்கள்.

5. ஒருவரை ஒருவர் சோதித்தல்

ஒவ்வொரு முறையும், எத்தனை வருடம் ஏறினாலும். இருவர் ஹார்னஸின் பக்கிளும், ஏறுபவரின் முடிச்சும், பிலே கருவியில் கயிறு போகும் திசையும், காராபினரின் பூட்டும் சரியா? கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையால் இழுத்தும் அமுக்கியும் பாருங்கள். நான் திருக மறந்த பூட்டைத் தம்பி இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறான்.

6. குரல்

ஏறுபவர் "ஆன் பிலே?" (கயிறு பிடித்தாயிற்றா?) என்று கேட்டு, "பிலே ஆன்" என்று பதில் வந்த பிறகே பாறையில் கை வைக்க வேண்டும். ஏறும்போது எங்களுக்குள் "இறுக்கு", "தளர்த்து" என்று தமிழிலேயே சொல்லிக்கொள்வோம். எந்த மொழியானாலும், கிளம்பும் முன் இருவரும் ஒரே சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் வேறு குழுக்கள் இருந்தால் பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அடுத்த கயிற்றின் "தளர்த்து" உங்கள் காதில் விழுந்துவிடக் கூடாது.

7. இறக்குதல்

உச்சியைத் தொட்டதும் ஏறுபவர் "இறுக்கு" என்பார். தளர்வு முழுவதையும் இழுத்து, அவர் எடையைக் கயிறு வாங்கிக்கொண்டதா என்று பாருங்கள். பிறகு இரண்டு கைகளையும் பிடிகைப் பக்கக் கயிற்றில் வைத்து, ஒரே வேகத்தில் மெதுவாக விடுங்கள். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது இன்னும் மெதுவாக. அவர் இரண்டு காலிலும் நிலையாக நின்று "ஆஃப் பிலே" என்று சொல்லும்வரை கருவியிலிருந்து கயிற்றை எடுக்காதீர்கள். அப்புறம் இடம் மாறிக்கொண்டு, முடிச்சிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.