எதிரி பெரிய கை என்றால் வழக்கை எப்படிக் காப்பது?

குற்ற வழக்கில் பணமும் பதவியும் வேலை காட்டுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: புகார் கொடுத்த முதல் சில வாரங்கள், பிறகு சாட்சி கூண்டேறும் காலம். பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்கவேண்டியதும் அங்கேதான்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை (மனு ஏற்புச் சீட்டு) எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்று நம்பிவிடாதீர்கள், மனு வந்தது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. 1.7.2024 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், நகல் இலவசம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் டி.எஸ்.பி. அனுமதியுடன், பதியும் முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று ஆள் வருவதற்குத் தோதான காலமும் அதுதான். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் போலீஸ் விசாரிக்க உத்தரவிடக் கேட்டு, பிரமாணப் பத்திரத்துடன் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) 175(3) மனு. தபால் ரசீதைத் தொலைத்தால் இந்த மனு தள்ளாடும்.

கேமராப் பதிவு காத்திருக்காது. சேமிப்பு நிறைந்ததும் பழைய காட்சிமேல் புதியது ஏறிவிடும். எந்த இடம், எந்த நேரம் என்று குறித்து, அதைக் கைப்பற்றச் சொல்லி முதல் நாளே விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள். புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் இல்லாத நகலை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும்.

சத்தமில்லாத இன்னொரு வழி தாமதம். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், காவலில் உள்ள எதிரிக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். 45-ஆம் நாளிலும் 75-ஆம் நாளிலும் எஸ்.பி.க்கு நினைவூட்டுக் கடிதம் போவது நல்லது.

இனி சாட்சிகள். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, அதனால் மறுப்பது சுலபம். முக்கியமானவர்களை நடுவர்முன் அழைத்துப்போய் பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவில் (பழைய நடைமுறைச் சட்டத்தில் 164) பதியச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிந்தே ஆகவேண்டும். பின்னால் மாற்றிச் சொன்னால் பொய்ச்சாட்சி வழக்கு வரும் என்ற பயம் ஓரளவு பிடித்து நிறுத்தும். ஓரளவுதான்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைப் பாருங்கள். 2001-இல் ஆட்சி மாறியபின் 76 சாட்சிகள் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினர். அவர்களைப் பிறழ் சாட்சியாகக் கருதி மடக்கிக் கேட்க அரசு வழக்கறிஞர் முயலவில்லை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. சாட்சி தனியே உடைவதில்லை. அரசுத் தரப்பு கண்ணை மூடிக்கொள்ளும்போதுதான் வழக்கு கவிழ்கிறது. எனவே, அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் வழக்கறிஞரை அமர்த்த பி.என்.எஸ்.எஸ். 18-ஆம் பிரிவில் அனுமதி கேளுங்கள். சாட்சியை அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணையும் நடக்கட்டும் என்று வற்புறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாய்தாவும் எதிர்த்தரப்பு சாட்சி வீட்டுக்குப் போய்வரக் கிடைக்கும் நாள்.

மிரட்டல் வந்தால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான அதிகாரக் குழுவுக்கு மனு போடுங்கள். 5 வேலை நாளில் அச்சுறுத்தல் அறிக்கை வரவேண்டும். தேதி, நேரம், போன் எண், வந்த வண்டி எண் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கேட்கும்போது ‘மிரட்டுகிறார்கள்’ என்ற பொத்தாம்பொதுவான வரியை நீதிமன்றம் ஏற்காது. இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

வழக்கை அரசே திரும்பப் பெறப் பார்த்தால், உங்களைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 360-ஆம் பிரிவு. எதிரி விடுதலையானால் அதே சட்டத்தின் 413-இன்படி நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு கொடுத்துவிடுங்கள்.