சிவப்புத் தட்டான்களுக்குள் ஒரு சிறியது: ஸ்கார்லெட் மார்ஷ் ஹாக்கை அடையாளம் காணும் முறை

பெங்களூரு ஏரிக்கரைகளில் கண்ணில் படும் சிவப்புத் தட்டான்களில் பெரும்பாலானவை குரோகோத்தெமிஸ் செர்விலியா என்னும் மிகப் பரவலான இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கிடையே எப்போதாவது அமரும் சிறிய தட்டான்தான் ஏத்ரியமாண்டா பிரெவிபென்னிஸ். 1842இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ராம்பூர் விவரித்த இந்த இனத்தை ஆங்கிலத்தில் ஸ்கார்லெட் மார்ஷ் ஹாக் என்பர். பிரெவிபென்னிஸ் என்றால் குட்டையான இறகுடையது என்று பொருள்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தேங்கிய நீரும், சம்பு, கோரை போன்றவை அடர்ந்த ஓரமும் இதற்கு வேண்டும். நான் வளர்ந்த அல்சூர் ஏரியைப் போலக் கரையெங்கும் சுவர் எழுப்பிய ஏரிகளில் தேடுவதைவிட, சுத்திகரிக்கப்பட்ட நீர் நாணல் படுகையைக் கடந்து வந்து சேரும் ஜக்கூர் போன்ற ஏரிகளில் தேடத் தொடங்குவது நல்லது. மழைக்காலத்திலும் அதை அடுத்த வாரங்களிலும், வெயில் ஏறிய பின் காலை ஒன்பது மணிக்கு மேல் செல்லுங்கள். மேகமூட்டமான நாளில் தட்டான்கள் அதிகம் பறப்பதில்லை.

அடுத்து, அசையாமல் நின்று, நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த குச்சிகளின் நுனிகளைக் கவனியுங்கள். விரட்டினாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும் என்பதால், துரத்துவதைவிடக் காத்திருப்பதே பலன் தரும். சிறுவயதில் தட்டான் வாலில் நூல் கட்டிய கைகளுக்கு இது சற்றுக் கடினம்தான்.

மூன்றாவது படிதான் முக்கியமானது: சிவப்பைப் பார்க்காமல் கறுப்பைத் தேடுங்கள். நாம் வால் என்று சொல்லும் பகுதி உண்மையில் பத்துக் கண்டங்கள் கொண்ட வயிறு. ஏத்ரியமாண்டா ஆணுக்கு அந்த வயிறு மட்டுமே பளிச்சென்ற சிவப்பு. இறகுகள் பொருந்தியிருக்கும் மார்பு கருமை கலந்த பழுப்பு, கால்கள் கறுப்பு. பின்னிறகு உடலோடு சேரும் அடிப்பகுதியில் செம்பழுப்புத் திட்டு ஒன்று அகலமாகத் தெரியும். குரோகோத்தெமிஸ் ஆணுக்கோ மார்பும் கால்களும்கூடச் சிவப்பு, உடலும் பெரிது. ஏத்ரியமாண்டாவின் பின்னிறகு ஏறத்தாழ 2 முதல் 2.5 செ.மீ. நீளமே இருக்கும்.

கறுத்த கால்கள் டிரைதெமிஸ் அரோரா என்னும் வேறொரு சிவப்புத் தட்டானுக்கும் உண்டு என்பதால் அதைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். அரோராவின் உடலில் ஊதா சாயல் இருக்கும், இறகு நரம்புகளும் சிவந்திருக்கும். வயிற்றின் முனைக்கருகே மேற்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது யூரோதெமிஸ் சிக்னாட்டா என்னும் மற்றொரு சிவப்புத் தட்டான். பெண் தட்டான்கள் மஞ்சளும் கறுப்புமாகத் தோற்றமளித்துத் தொடக்கநிலையினரை மிகவும் குழப்பும். சில மாதங்களுக்கு ஆண்களோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

கடைசியாக, பக்கவாட்டில் ஒன்றும் மேலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, நாள், நேரம், ஏரியின் பெயர், அமர்ந்திருந்த செடி ஆகிய குறிப்புகளுடன் உயிரினங்களை அடையாளம் காண மற்றவர்கள் உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவேற்றுங்கள். மார்பும் பின்னிறகின் அடிப்பகுதியும் தெரியாத படமாக இருந்தால், அது எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், அனுபவசாலிகளாலும் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.