நிரலை எழுதும் நிரல்: முதலில் \, அப்புறம்தான் "

ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்கும் வாசகங்களை எடுத்து ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதித் தரும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் ஒழுங்காக ஓடும். ஐந்தாம் நாள் யாரோ ஒருவர், அவர் "சரி" என்றார் என்று ஒரு வரியைச் சேர்ப்பார். 'சரி'க்கு முன்னால் இருக்கும் மேற்கோளிலேயே ஸ்ட்ரிங் (மேற்கோள்களுக்குள் வைக்கும் வாசகம்) முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பிரவுசர் சின்டாக்ஸ் எரர் காட்டும்.

உடனே எல்லோரும் செய்வது, " வரும் இடமெல்லாம் \" என்று ரீப்ளேஸ் போடுவது (முன்னால் \ இருந்தால் மேற்கோள் ஸ்ட்ரிங்கை மூடாமல் சாதா எழுத்தாக நிற்கும், இதுதான் எஸ்கேப்). நானும் அதைத்தான் செய்தேன். பாதிதான் சரி. வாசகம் \ குறியில் முடிந்தால், நீங்கள் போட்ட மூடும் மேற்கோளை அது விழுங்கிவிடும். அதனால் \ குறியையும் \\ ஆக்க வேண்டும், அதை முதலில் செய்ய வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்றால், " முதலில் \" ஆகும், பிறகு அந்தப் புது \ இரட்டிப்பாகி \\" என்று நிற்கும், அதில் \\ என்பது சாதா பேக்ஸ்லாஷ் ஒன்று, மிச்சமிருக்கும் " ஸ்ட்ரிங்கை மூடிவிடும். கிளம்பிய இடத்துக்கே வந்தாச்சு. வரி முறிவை \n என்றும் டேபை \t என்றும் இதற்குப் பிறகு மாற்றுங்கள்.

உண்மையில் இதைக் கையால் எழுதவே வேண்டாம். பைத்தானின் ஜேசன் மாட்யூலில் இதைச் செய்து தரும் டம்ப்ஸ் (json.dumps) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. சுற்றி வரும் மேற்கோளையும் அதுவே போட்டுவிடும், டெம்ப்ளேட்டில் நீங்கள் வேறு போடாதீர்கள். ஆனால் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக்கிவிடும்: யுடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும் 'அ', \u0b85 என்று 6 பைட் ஆகும். ஓடும், ஆனால் படிக்க முடியாது. டம்ப்ஸின் என்ஷூர் ஆஸ்கி (ensure_ascii) ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்குங்கள், ஃபைலையும் யுடிஎஃப்-8ஆகவே சேமியுங்கள்.

அதே கோடை எச்டிஎம்எல் பக்கத்தின் ஸ்கிரிப்ட் டேகுக்குள் வைப்பதாக இருந்தால் இது போதாது. எச்டிஎம்எல் பார்சருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. வாசகத்தில் </ஸ்கிரிப்ட்> என்பதன் ஆங்கில வடிவம் வந்தால், மேற்கோளுக்குள் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காமல் அங்கேயே மூடிவிடும். டம்ப்ஸ் தந்ததில் < குறியை யூனிகோட் எஸ்கேப்பாக (\u003c) மாற்றிவிடுங்கள்.

உருவாக்குவது ஷெல் ஸ்கிரிப்ட் என்றால், பைத்தானின் shlex.quote ஃபங்ஷன் இருக்கிறது. டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல்லா? எஸ்கேப்பே வேண்டாம், வாசகத்தை எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டாமல் பாராமீட்டராகத் தனியே அனுப்புங்கள்.

அப்புறம், \ " ' < எல்லாம் இருக்கும், நடுவே வரி முறிந்து கடைசியில் \ குறியில் முடியும் ஒரு வாசகத்தைக் கொடுத்து, உருவான கோடை ஓட்டி, கொடுத்தது அப்படியே திரும்பி வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.