குதிரை பிரஷ்: எதில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

எட்டு உருப்படி அடங்கிய பிரஷ் பெட்டி பார்வைக்கு அம்சமாக இருக்கும். எல்லாம் ஒரே நிறம், மாட்டி வைக்கப் பை வேறு. ஆறு மாதம் கழித்து லாயத்தில் எட்டிப் பார்த்தால் அதில் மூன்றுதான் கையில் புழங்கும். மீதி ஐந்தும் பையோடு ஆணியில் தொங்கும். அந்த மூன்றிலும், கடைசியில் மெருகு ஏற்றும் பாடி பிரஷ்தான் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். அடர்த்தியாக நல்ல முடி வைத்தால் விலை ஏறும். பெட்டி விலையை இறக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஆகவே பெட்டியை விட்டுவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். காசில் பெரும்பங்கு பாடி பிரஷுக்குப் போகட்டும். ரப்பர் கர்ரி கோம்ப், டேண்டி பிரஷ், குளம்பு சுரண்டும் கொக்கி ஆகியவை சுமாரான தரத்தில் இருந்தாலே வருடக்கணக்கில் உழைக்கும்.

எதற்கு என்ன வேலை

முதலில் இறங்குவது ரப்பர் கர்ரி கோம்ப். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அடியில் ஒட்டிய அழுக்கும் செத்த முடியும் பொடுகும் மேலே வரும். அதை உதறித் தள்ளுவது டேண்டி பிரஷ்: விறைப்பான முடி, சுமார் 5 செ.மீ. நீளம், வரிசைகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி. கடைசியில்தான் பாடி பிரஷ்: 2 முதல் 2.5 செ.மீ. வரை குட்டையான, மிருதுவான, நெருக்கமான முடி; முட்டை வடிவக் கட்டை; கையை நுழைக்க மேலே ஒரு வார்.

பாடி பிரஷ் தூசியை உதறுவதற்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு முடிக்கால் பக்கத்திலும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பிரஷின் அடர்த்தியான முடி அந்த எண்ணெயை வேரிலிருந்து எடுத்து நுனிவரை பரப்பும். உடம்பு மினுங்குவது இதனால்தான். தினம் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினால் அந்த எண்ணெய் போய்விடும். அப்புறம் எந்த பிரஷ் போட்டாலும் முடி வறண்டுதான் கிடக்கும்.

இரும்பு கர்ரி கோம்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பாடி பிரஷைச் சுத்தம் செய்வதற்கு. குதிரை உடம்பில் படக்கூடாது. ஒரு கையில் பாடி பிரஷ், மறு கையில் இரும்புச் சீப்பு. நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை பிரஷை அதன் பல்லில் இழுத்துவிட்டு, சீப்பைத் தரையில் தட்ட வேண்டும். சாம்பல் நிறத்தில் பொடி விழும். அது விழவில்லை என்றால் ஒன்று குதிரை சுத்தம், அல்லது பிரஷ் மேலோட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முடி எதில் செய்தது

கடையில் எல்லாவற்றுக்கும் 'நேச்சுரல்' என்று ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது பல ரகம்.

குதிரை முடியும் ஆட்டு முடியும் மிருது. ஆட்டு முடி அதிலும் மெல்லியது. முகத்துக்கும் கடைசி மெருகுக்கும் ஏற்றது. பன்றி முடி விறைப்பும் வளைவும் சேர்ந்தது. அதன் நுனி இயற்கையாகவே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அந்தப் பிளவில்தான் தூசியும் எண்ணெயும் ஒட்டுகின்றன. நுனி மொட்டையாக வெட்டுப்பட்டிருந்தால், உயரம் சமமாக வருவதற்காகக் கத்தரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது பன்றி முடிக்குக் கொடுக்கும் காசு பாதி வீண். குதிரை பார்த்துக்கொள்பவர் பன்றி முடியைத் தொட மாட்டார் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். குதிரை முடியிலோ ஆட்டு முடியிலோ அதே வேலை நடக்கும்.

செடி நாரில் தென்னை நார், பனந்தும்பு, மெக்சிகோவின் கற்றாழை வகை நாரான டாம்பிகோ ஆகியவை உண்டு. பனந்தும்பு தூத்துக்குடி வழியாக வெளிநாட்டு பிரஷ் தொழிலுக்கு நெடுங்காலமாகப் போகும் சரக்கு. மட்டையின் அடியிலிருந்து எடுக்கும் நார், நல்ல விறைப்பு. குளம்பு கழுவவும் லாயத் தொட்டி தேய்க்கவும் அருமையானது, உடம்புக்கு ஆகாது. டேண்டி பிரஷுக்கு டாம்பிகோ போன்ற நடுத்தர நார் போதும்.

பிளாஸ்டிக்கில் இரண்டு ரகத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நைலான் வளைந்தாலும் நிமிர்ந்துவிடும்; ஆனால் ஈரம் குடித்துக் கொஞ்சம் தொளதொளக்கும். பாலிபுரோப்பிலீன் தண்ணீர் குடிக்காது; ஆனால் ஒரு தடவை சாய்ந்தால் சாய்ந்ததுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவும் பிரஷுக்குப் பின்னது சரி. தினமும் அழுத்தித் தேய்க்கும் பிரஷில் அது இருந்தால் சில மாதத்தில் துடைப்பம் மாதிரி விரிந்துவிடும். இரண்டுக்குமே வறண்ட நாளில் நிலைமின்சாரம் ஏறும்: முடி குத்திட்டு நிற்கும், உதறிய தூசி திரும்பி வந்து ஒட்டும். பாடி பிரஷுக்கு பிளாஸ்டிக் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடையில் நின்றபடியே ஐந்து சோதனை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையோ நகரத்து ஸ்போர்ட்ஸ் கடையோ, தொட்டுப் பார்க்க முடிந்தால் தொட்டுப் பார்த்தே வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் இவற்றைச் செய்து முடித்துவிடுங்கள். தீக்குச்சிச் சோதனையை மட்டும் காசு கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெட்டவெளியில்.

முன்னங்கையின் உட்பக்கத்தில், குதிரைக்குக் கொடுக்கும் அதே அழுத்தத்தோடு பத்து இழுப்பு இழுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் சிவப்புக் கோடு நின்றால் அந்த பிரஷ் முகத்துக்கும் வயிற்றடிக்கும் முழங்காலுக்குக் கீழும் போகக்கூடாது. பாடி பிரஷ் என்று விற்றதே அப்படிக் கோடு போட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

கட்டைவிரலால் முடியைப் பிளந்து அடியைப் பாருங்கள். நல்ல பாடி பிரஷில் பிளந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கட்டை தெரியும். பிளக்காமலே கட்டை தெரிந்தால் அது மெருகு ஏற்றாது, தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

முடியை மேசைமேல் சாய்த்துப் பத்து நொடி அழுத்தி விடுங்கள். உடனே நிமிர வேண்டும்.

ஒரு கொத்தை இரண்டு விரலால் பிடித்து அழுத்தமாக ஐந்து தடவை இழுங்கள். பிறகு கறுப்புத் துணியில் இருபது தேய் தேயுங்கள். புது பிரஷில் நாலைந்து முடி உதிர்வது சகஜம். அடுத்த இருபதிலும் அதே அளவு உதிர்ந்தால் கொத்து பிடிமானம் இல்லாமல் இருக்கிறது.

கடைசியாக, ஓரத்திலிருந்து ஒரு முடி, நடுவிலிருந்து ஒரு முடி பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். விலங்கு முடி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செடி நார் காகிதம் எரிவது போல மணக்கும். பிளாஸ்டிக் உருகிக் கடினமான மணியாகிவிடும். இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஓரத்து வரிசையில் அசல் முடியும் நடுவில் நைலானும் நட்ட சரக்கு நிறைய. ஓரம் மிருது, நடு விறைப்பு என்று வேண்டுமென்றே செய்வதும் உண்டுதான். அப்படியென்றால் அதைச் சொல்லி விற்க வேண்டும்.

கட்டை, கம்பி, வார்

முடியைக் கட்டையில் இரண்டு விதமாகப் பொருத்துகிறார்கள். துளையில் கொத்தை மடித்துவைத்து உலோகத் துண்டால் அடித்து இறக்குவது இயந்திர வேலை. மெல்லிய கம்பியால் ஒவ்வொரு கொத்தையும் பின்பக்கம் இழுத்துக் கட்டி, அதன்மேல் இன்னொரு பலகையோ தோலோ வைத்து மூடுவது கைவேலை. கைவேலையில் ஒற்றைக் கொத்து உருவி வருவது அபூர்வம். ஆனால் கம்பி ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே தளரும். இயந்திர வேலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். விலையைப் பார்த்தால் இயந்திர வேலையே போதும், உலோகம் துருப்பிடிக்காத வரை.

அந்தக் கடைசி வார்த்தை கடற்கரை ஊர்க்காரர்களுக்கு. உப்புக் காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் இரும்பு துருவேறி, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். அந்த வளையத்தைப் பார்த்த சில வாரத்தில் அங்கே கொத்து கொட்டும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வாரைப் பிடித்திருக்கும் ஆணியைக் காந்தத்தால் தொட்டுப் பார்க்கலாம்: பித்தளை ஒட்டாது, பித்தளைப் பூச்சு போட்ட இரும்பு ஒட்டும். ஆணி ஒட்டினால் உள்ளே இருப்பதும் அதே ஜாதியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணித் தலை பக்கவாட்டில் துருத்தவும் கூடாது. குதிரையின் இடுப்பெலும்பில் உரசினால் அடுத்த தடவை பிரஷைக் கண்டாலே நகர்ந்துகொள்ளும்.

வாருக்குள் விரல்முட்டிவரை நுழைய வேண்டும், கட்டைவிரல் வெளியே ஓரத்தில் உட்கார வேண்டும். பெரியவர் கைக்கு 20 செ.மீ. நீளக் கட்டை பொருந்தும். சிறுவர் கைக்கு 16 செ.மீ. பக்கம் பாருங்கள், பெரிய கட்டையை அவர்கள் இரண்டு கையால் பிடித்து நுனியால் குத்துவார்கள். தோல் முதுகு வைத்த பிரஷ் தோள், விலா வளைவுக்கேற்ப மடங்கும், சுகமான சாமான். ஆனால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஜெர்மனியின் ஹாஸ், லைஸ்ட்னர் போன்ற பிரஷ் நிறுவனங்களின் சரக்கு கிடைத்தால் ஒன்றைக் கையில் எடுத்து அடர்த்தியைப் பாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பிறகு எதை எடுத்தாலும் ஒப்பிட ஓர் அளவு கிடைத்துவிடும்.

உங்கள் குதிரைக்கு எது

மார்வாரி, கத்தியவாரி, ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் எல்லாம் மெல்லிய தோல், குட்டை முடி. இவற்றுக்கு ரப்பர் கர்ரி கோம்ப்கூட மிருதுவானதாக இருக்கட்டும்: பல்லை விரலால் அழுத்தினால் மடங்க வேண்டும். டேண்டி பிரஷைத் தோள், முதுகு, பின்தொடை என்று சதைப்பிடிப்பான இடங்களோடு நிறுத்துங்கள். காதை மடக்குவது, வாலை வீசுவது, தோலைச் சிலிர்ப்பது எல்லாம் பிரஷைப் பற்றிய புகார்தான். குணம் சரியில்லை என்று குதிரையை அதட்டுவதற்கு முன் பிரஷை மாற்றிப் பாருங்கள்.

கொடைக்கானல், ஊட்டி மட்டக்குதிரைகளுக்குக் குளிர்காலத்தில் முடி தடிக்கும். அங்கே குட்டை முடி பிரஷ் மேலேயே வழுக்கும். 5, 6 செ.மீ. டேண்டிக்குத்தான் முதல் வேலை.

மெரினா மாதிரி மணலில் நிற்கும், புரளும் குதிரைக்கு வரிசையை மாற்றுங்கள். மணல் இருக்கும்போது பாடி பிரஷை அழுத்தினால் அது உப்புத்தாள் வேலை செய்யும். முதலில் நீள முடி பிரஷால், மணிக்கட்டைச் சுண்டி, வெளிப்பக்கமாக உதறுங்கள். சேணம் உட்காரும் இடத்தையும் வயிற்றுப் பட்டை ஓடும் இடத்தையும் வெறுங்கையால் எதிர்ப்பக்கம் தடவிப் பாருங்கள். ஒரு குறுமணல் தட்டினாலும் சேணம் ஏற்ற வேண்டாம். பட்டைப் புண் வருவது அங்கிருந்துதான்.

வேர்வை ஈரத்தில் எந்த பிரஷும் வேண்டாம். தூசி சேறாகி முடியடியில் அப்பிவிடும். ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் காயவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

கழுவுவதும் பிரித்து வைப்பதும்

ஒரு குதிரைக்கு ஒரு செட். இதில் சமரசம் வேண்டாம். படர்தாமரை பூஞ்சையின் வித்துகள் பிரஷில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்க்கும் ஆளுக்கும் ஒட்டும். உயிரைக் குடிக்கும் கிளாண்டர்ஸ் நோய்கூடப் பொதுவில் புழங்கும் சாமான் வழியாகப் பரவக்கூடியது. கட்டையில் குதிரையின் பெயரை எழுதுவதைவிட வாரில் நிறத் துணி கட்டுவது மேல்; எழுத்து அழியும், அவசரத்தில் யாரும் படிப்பதும் இல்லை.

வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைத்து, முடி நனையும் அளவு மட்டும் அமிழ்த்திக் கழுவுங்கள். மரக்கட்டையை ஊறப்போட்டால் துளை உப்பிக் காயும்போது வெடிக்கும். உதறிவிட்டு, முடி கீழே பார்க்க நிழலில் காய வையுங்கள். மல்லாத்தி வைத்தால் தண்ணீர் வேரில் இறங்கி நின்றுவிடும்.

தோல் நோய் வந்த குதிரையின் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு கலந்து பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசுங்கள். அழுக்கோடு முக்கினால் பிளீச்சின் வேகம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். இந்தக் கலவையில் கழிப்பறை ஆசிட் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும். விலங்கு முடியை பிளீச் அரித்துவிடும் என்பதால், படர்தாமரை கண்ட குதிரையின் பாடி பிரஷைத் தூக்கி எறிவதுதான் வழி. சிகிச்சை முடியும்வரை அந்தக் குதிரைக்கு மலிவான பிளாஸ்டிக் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் அடுத்து வாங்கும் நல்ல பிரஷ் தப்பிக்கும்.

பாடி பிரஷின் முடி 1.5 செ.மீ.க்குத் தேய்ந்தாலோ நடு குழிந்து ஓரம் மட்டும் பட்டாலோ உடம்பு வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை சேணத்தின் தோலுக்கு எண்ணெய் போட வைத்துக்கொள்ளலாம். சாய்ந்துபோன டேண்டி குளம்புச் சேறு தேய்க்க உதவும். இரண்டிலும் வாரை அறுத்துவிடுங்கள், மறதியில் யாரும் எடுத்து முகத்தில் போட்டுவிடாமல் இருக்க.